தறிச் சத்தமும் ரத்தக் கொழுப்பும்

வாசகர் கேள்விகள்: காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பதில்கள்

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "காது மந்தமாக இருப்பவர்கள் ஒரு தடவை ரத்தக் கொழுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களால் மேசை டிராயரை மூட முடியவில்லை. பாதிப் பேருக்குச் சந்தேகம், பாதிப் பேருக்குக் கோபம். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு முன்கட்டில் இரண்டு தறி ஓடியது. அப்பா தறியில் நிற்கும்போது அம்மா எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "கொழுப்பு! கூப்புட்டா காதுல விழாத மாதிரியே நிக்கிறதப் பாரு" என்பார் அம்மா. அவர் சொன்ன கொழுப்பு வேறு, லேப் ரிப்போர்ட்டில் வரும் கொழுப்பு வேறு. வந்ததில் சில கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில்.

*

கேள்வி: வயது 47. இருபத்து நாலு வருஷமா விசைத்தறி ஓட்டுறேன். எட்டுத் தறி, 12 மணி நேர ஷிப்ட். சத்தம் கேக்குது, ஆனா பேச்சு புரியல. சங்கத்துல நடத்துன முகாம்ல காதும் பாத்தாங்க, ரத்தமும் எடுத்தாங்க. மொத்தக் கொழுப்பு 248, ட்ரைகிளிசரைடு 312, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 152. காது ரிப்போர்ட்ல 4000ங்கிற இடத்துல ரெண்டு பக்கமும் பள்ளம். வலது 55, இடது 60. "கொழுப்பக் குறைங்க, காதுக்கும் நல்லது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. தறியில நிக்கிறவன்கிட்ட தறியப் பத்திப் பேசாம கொழுப்பப் பத்திப் பேசுறாங்களே டாக்டரம்மா, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?
(விசைத்தறித் தொழிலாளி, செல்லூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயம், தம்பி. முதலில் தறி, அப்புறம்தான் கொழுப்பு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஷட்டில் தறி ஓடும் கொட்டகைக்குள் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். நம் ஊர்த் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை பொறுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் அதையே அதிகம் என்று சொல்லி, 85இல் நிறுத்துகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக வெட்டுகிறது. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். இப்படியே இறங்கினால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது வெறும் கால் மணி நேரம். நீங்கள் 12 மணி நேரம் நிற்கிறீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 4000 ஹெர்ட்ஸில், அதாவது உயர்ந்த சுருதியில், விழுந்த பள்ளம் தறி போட்ட கையெழுத்து. அதை வேறு யார் கையெழுத்து என்றும் சொல்ல முடியாது.

சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்கிறீர்களே, அதற்கும் அந்தப் பள்ளம்தான் காரணம். பேச்சில் உயிரெழுத்து ஓசைகள் தணிந்த சுருதியில் வருகின்றன. க, ச, த, ப எல்லாம் உயர்ந்த சுருதியில் வெடித்து மறைகின்றன. உங்கள் காதில் பள்ளம் விழுந்திருப்பது அந்த உயர்ந்த இடத்தில். என் அறைக்கு வரும் தறிக்காரர்களிடம், வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு "கடை, படை, தடை, சடை" என்று மெதுவாகச் சொல்வேன். போன வாரம் ஒருவர் நாலு தடவையும் "அடை" என்றார். கூட வந்த அவர் மனைவி, "பசியில இருக்காரும்மா" என்றார்.

இனி கொழுப்பு. உட்காது நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுற்றிய எலும்புக் குழாய். நீட்டினால் மூன்றரை சென்டிமீட்டர்தான் வரும். அதற்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பிறக்கும்போது எண்ணிக் கொடுத்தது அவ்வளவுதான். செத்தது மறுபடி முளைக்காது. இவற்றை ஓட்டுவதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பேட்டரி இருக்கிறது. ரத்தக் குழாய்கள் அடர்ந்த சின்னப் பட்டை அது. அங்கேதான் உட்காதுத் திரவத்துக்கு வேண்டிய மின்சாரம், ஏறக்குறைய 80 மில்லிவோல்ட், இரவும் பகலும் உற்பத்தியாகிறது. அந்தப் பட்டைக்கு ஆக்சிஜன் ஒரு நிமிடம் நின்றால் போதும், மின்சாரம் சரிந்துவிடும்.

கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் போக ஏ.வி. பாலத்தில் நெரிசல் என்றால் நீங்கள் வேறு பாலம் பார்த்துப் போவீர்கள். உட்காதுக்குப் போகும் ரத்தத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரே தமனி, மாற்று வழி இல்லை. அது நூல் கனத்தில் உள்ளே போய், இன்னும் மெல்லிய நூல்களாகப் பிரிகிறது. ரத்தத்தில் கொழுப்பு கூடிக் கெட்டிப்பட்டாலும், குழாயின் உள்சுவரில் படிந்தாலும், கடைசி நூலுக்கு வந்து சேர்வது குறைந்துபோகும். வேறொரு சங்கதியும் உண்டு. மயிர்ச் செல்களில் வெளிவரிசையில் நிற்பவை ஒவ்வொரு ஒலிக்கும் நீண்டு சுருங்கி ஓசையைப் பெருக்குகின்றன. அவற்றின் சுவரிலேயே கொலஸ்ட்ரால் ஓர் அங்கம். அதன் அளவு மாறினால் சுவரின் விறைப்பு மாறும், நீண்டு சுருங்கும் வேலையும் மாறும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

பேரிரைச்சல் வரும்போது அந்தச் செல்கள் மாடாக உழைக்கின்றன. ஆக்சிஜன் அதிகம் வேண்டும். கழிவும் அதிகம் சேரும். அதே நேரத்தில் சத்தமே அந்தச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் செய்கிறது. தேவை ஏறும்போது வரத்து இறங்குகிறது. ஏற்கெனவே வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று விவசாயியிடம் போய்க் கேட்க வேண்டாம். ரத்தத்துக்கும் காதுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். தறி அடிக்கிறது, அடி வாங்கிய இடம் தேறுவதைக் கொழுப்பு கெடுக்கிறது. தைவானிலும் சீனாவிலும் ஆலைத் தொழிலாளர்களை வைத்துப் பார்த்த சில ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. வேறு சில ஆய்வுகளில் சம்பந்தம் தெரியவில்லை. சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. வயது, பீடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் நடுவில் நின்று கணக்கைக் குழப்பும். முகாமில் அவர்கள் சொன்னது தப்பில்லை. பாதியைச் சொல்லி அனுப்பியதுதான் தப்பு.

கடிதத்தின் கடைசியில், நைட் ஷிப்ட் முடிந்து நேராக முகாமுக்குப் போனதாகவும், வழியில் டீயும் பன்னும் சாப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த 312ஐ அப்படியே நம்ப வேண்டாம். சாப்பிட்டதும் முதலில் ஏறுவது ட்ரைகிளிசரைடு. அதை 5ஆல் வகுத்துக் கழித்துத்தான் பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைக் கணக்கிடுகிறார்கள், 248இல் 34ஐயும் 62ஐயும் கழித்துப் பாருங்கள், உங்கள் 152 வரும். அதனால் அதுவும் கொஞ்சம் ஆட்டம் காணும். விடுமுறை நாளில், 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி எடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். ட்ரைகிளிசரைடு 150க்குள், எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கு மேல் இருக்க வேண்டும். உங்கள் எச்.டி.எல். 34. அதை டீ, பன் தலையில் கட்ட முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள். வரும்போது காதில் செருக ஃபோம் பிளக் வாங்கி வாருங்கள். எப்படி வைப்பது என்று மேலூர்க்காரருக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

*

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் 22 பேருக்குக் காதுப் பரிசோதனை நடந்தது. ஏழு பேருக்கு 4000இல் பள்ளம். அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ரத்தக் கொழுப்பு அதிகம். "அப்ப இது அவங்க சாப்பாட்டுப் பிரச்சினை, சொந்த வியாதி" என்று நிர்வாகத்தில் எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?
(பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: எழுதாதீர்கள். இரைச்சலால் வரும் காது கேளாமை, சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்று. ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பட்டியல்களில் "கொழுப்பு இல்லாதவருக்கு மட்டும்" என்று எங்கும் இல்லை.

வாதத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அந்த ஐந்து பேருக்கும் வீட்டில் மனைவி, அண்ணன், தம்பி இருப்பார்கள். ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஏறக்குறைய ஒரே கொழுப்பு. அவர்கள் காதில் இந்தப் பள்ளம் இருக்கிறதா? ரத்த ஓட்டக் குறைவால் மட்டும் வரும் மந்தம் பெரும்பாலும் இப்படி ஒற்றைப் பள்ளமாக விழாது. 3000க்கும் 6000க்கும் நடுவில் இறங்கி, 8000இல் மறுபடி ஏறி, இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் அது சத்தத்தின் வேலை. கொழுப்பு அதிகம் உள்ளவர் காது அதே சத்தத்தில் சீக்கிரம் கெடலாம் என்றால், அவரைச் சத்தத்திலிருந்து முதலில் நகர்த்த வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். நிர்வாகம் கையைக் கழுவுவதற்கு அது சோப்பு அல்ல.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆலையில் வாரம் இரண்டு நாள் பகுதிநேர மருத்துவராக இருந்தேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷினில் வேலை பார்த்த ஒருவருக்கு அப்போது 41 வயது. ஆடியோகிராம் தாளில் பள்ளம் கிணறு மாதிரி இருந்தது. "என்ன எழுதணும்னு பார்த்து எழுதுங்க டாக்டர்" என்றார் அலுவலகத்திலிருந்து வந்தவர். "வயதின் காரணமாக" என்று எழுதினேன். 41 வயதுக்கு! அந்தத் தாளின் நீலக் கோடுகள்கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது என்பதும் ஒரு காரணம்.

வேலையாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் தனித்தனியாக. பரிசோதனையைத் திங்கட்கிழமை காலை, ஷிப்டுக்குப் போகும் முன் வையுங்கள். சத்தத்திலிருந்து வெளியே வந்து 14 மணி நேரமாவது ஆகாமல் எடுத்தால் தற்காலிக மந்தமும் நிரந்தர மந்தமும் கலந்துவிடும். பிறகு, "இது தற்காலிகம்தான், சரியாகிவிடும்" என்று அதையும் தள்ளிவிடுவார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களைத் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ரிப்போர்ட்டோடு அனுப்புங்கள். எத்தனை வருஷம், எந்த மிஷின், எத்தனை மணி நேரம் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் 52 வயது, லேத் பட்டறை. காதும் மந்தம், கொலஸ்ட்ராலும் உண்டு. நாலு மாசமா தினம் ராத்திரி கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறார். கொழுப்பு இறங்கிடுச்சு. காது அப்படியேதான் இருக்கு. டி.வி. சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க. மாத்திரைய நிறுத்திடலாமா?
(குடும்பத் தலைவி, வில்லாபுரம்)

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த மாத்திரை அவர் இதயத்துக்கும் மூளைக்கும். செத்துப்போன மயிர்ச் செல்லை எழுப்பும் மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற பட்டறையில் அவர் காதை மூட வேண்டும். போனதை ஈடுகட்ட காது மிஷின். இரண்டையும் செய்யாமல் மாத்திரையைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அடுப்படியிலிருந்து கூப்பிடாதீர்கள். எதிரே வந்து, முகம் தெரியும்படி நின்று, சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும். அவருக்கு வேண்டியது மெய்யெழுத்து. கத்தும் முகத்தைப் பார்த்தால் என்ன சொல்கிறீர்கள் என்பதற்கு முன்னால், கோபமாக இருக்கிறீர்கள் என்பதுதான் அவருக்குப் புரியும்.

*

கேள்வி: எண்ணெயை மாற்றினால் காது நன்றாக இருக்கும் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா, அல்லது இதுவும் வாட்ஸ்அப் செய்திதானா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநகர்)

பதில்: சார், வாட்ஸ்அப்புக்கு முன்னாலேயே ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது. சாமுவேல் ரோசன் என்று நியூயார்க்கில் ஒரு காது அறுவை மருத்துவர். நடுக்காதில் உறைந்துபோன அங்கவடி எலும்பை அசைத்துவிட்டே காது கேட்க வைத்தவர். அவர் அன்றைய சூடானின் தென்கிழக்கில் (இன்று தெற்கு சூடான்) மபான் மக்களிடம் போய்க் காதுகளைச் சோதித்தார். 1962இல் அந்த முடிவுகள் வந்தன. எழுபது வயதுக்காரர்களுக்கும் காது கூர்மை. வயதோடு ரத்த அழுத்தமும் ஏறவில்லை. சுற்றிலும் இயந்திர ஓசை கிடையாது. உணவில் கொழுப்பு குறைவு. சத்தம் இல்லாததாலா, கொழுப்பு இல்லாததாலா? அதுதான் அவரைக் குடைந்தது.

விடை தேடி பின்லாந்துக்குப் போனார். அங்கே இரண்டு மனநல மருத்துவமனைகளில் இதய நோய்க்காக ஓர் உணவுச் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒன்றில் பால்கொழுப்பையும் வெண்ணெயையும் எடுத்துவிட்டு, சோயா எண்ணெய் கலந்த பாலும் மென்மையான மார்கரினும் கொடுத்தார்கள். மற்றதில் வழக்கமான சாப்பாடு. சில வருஷம் கழித்து உணவை இடம் மாற்றினார்கள். கொழுப்பைக் குறைத்த மருத்துவமனையில் காது நன்றாக இருந்தது, உணவு மாறியதும் காதின் நிலையும் அதன் பின்னாலேயே மாறியது என்று ரோசன் 1970இல் எழுதினார். அந்தச் சோதனையின் அமைப்பைப் பற்றிப் பின்னால் பலர் குறை சொன்னார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. நடுவில் வந்தார்கள், போனார்கள். அங்கே தறியும் இல்லை, பிரஸ்ஸும் இல்லை. அதனால் செல்லூர்க்காரருக்கு அதை அப்படியே தூக்கி வைக்க நான் தயாரில்லை. ஆனாலும் சமையலறையில் எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனுஷன் ஞாபகம் வரும்.

*

கேள்வி: நைட் ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு பரோட்டா, சால்னா. அதுதான் திறந்திருக்கும். அதையும் விடணுமா?
(ஆட்டோ உதிரிபாகக் கம்பெனி ஊழியர், கப்பலூர்)

பதில்: மதுரையில் உட்கார்ந்துகொண்டு பரோட்டாவை விடு என்று எழுதினால் இந்தப் பத்திரிகையையே நிறுத்திவிடுவீர்கள். தினம் நாலு என்பதை வாரம் ஒரு நாள் இரண்டு என்று ஆக்குங்கள். ட்ரைகிளிசரைடை ஏற்றுவது சால்னாவில் மிதக்கும் எண்ணெய் மட்டும் இல்லை. மைதா, இனிப்பு டீ, அப்புறம் நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட குவார்ட்டர். மூன்றும் கல்லீரலில் கொழுப்பாக மாறித்தான் ரத்தத்துக்கு வருகின்றன. டால்டா வகையறாவில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்குள் அடக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. அது நல்லது. ஒரே எண்ணெயைக் கறுக்கும் வரை காய்ச்சும் கடை எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவித்த முட்டை, சுண்டல், வீட்டிலிருந்து டப்பாவில் இரண்டு சப்பாத்தி. ராத்திரி இரண்டு மணிக்கு இதெல்லாம் முடியாத காரியம் இல்லை.

கொத்து பரோட்டா சத்தம் காதுக்குக் கெடுதலா என்று இன்னொரு தம்பி, கல்லூரி மாணவர், கேட்டிருக்கிறார். சாப்பிடுகிறவருக்கு இல்லை. கல் முன்னால் நிற்கும் மாஸ்டருக்கு. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே சத்தம் 85ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் வாங்கி அளக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை போகும்போது மாஸ்டரிடம் ஆம்லெட் சொல்லிப் பாருங்கள், எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று.

*

கேள்வி: கல் அறுக்கும் மிஷின்ல வேலை. காதுல பஞ்சு வச்சுக்கிறேன். போதாதா? பிளக் வச்சா வேர்க்குது, அரிக்குது, கூப்பிட்டா கேக்கல.
(கிரானைட் தொழிலாளி, மேலூர்)

பதில்: பஞ்சு போதாது. அது காற்றைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. ஃபோம் பிளக்கை வைக்கும் விதம் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் "உபயோகமில்லை" என்கிறார்கள். கையைக் கழுவி, பிளக்கை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி உருட்டி, சுருக்கம் விழாமல், பீடி கனத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, காது மடலின் மேல்பக்கத்தைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். இப்போது பிளக்கை உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அது உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போல் கேட்கும். பாதி பிளக் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது கம்மல்தான், பிளக் இல்லை.

கழற்றிக் கழற்றி வைப்பதில் உள்ள நஷ்டம் பலருக்குத் தெரியாது. எவ்வளவு உசத்தியான பிளக்காக இருந்தாலும், ஷிப்டில் பாதி நேரம் கழற்றிவிட்டால் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல்தான். நல்ல பிளக் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்றால் கூட வேலை செய்பவர்களோடு கை ஜாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள். செல்லூரில் ஒரு தலைமுறையே ஜாடையில் குடும்பம் நடத்தியது. அரிப்பு தாங்கவில்லை, சீழ் வருகிறது என்றால் பிளக்கை விட்டுவிட்டு, காதை மூடும் இயர் மஃப் கேட்டு வாங்குங்கள். மேலூர் வெயிலில் அது இன்னும் வேர்க்கும், தெரியும்.

*

கேள்வி: காதில் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் கொழுப்பு அடைப்பு கரையுமா?
(வாசகி, பரவை)

பதில்: நாம் பேசும் கொழுப்பு ரத்தத்தில் இருக்கிறது, காதுத் துவாரத்தில் இல்லை. அங்கே இருப்பது குரும்பி. செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, சீழோடு வருகிறவர்களை மாதத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். ஊற்றாதீர்கள். பூண்டைக் குழம்பில் போடுங்கள்.

இதே கடிதத்தில், தங்கைக்கு மூன்று நாளாக ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு காது போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்து சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் திரும்ப வாய்ப்பு அதிகம். வாரங்கள் கடந்தால் குறைந்துகொண்டே போகும். பத்திரிகைப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

*

கேள்வி: தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?
(விசைத்தறி உரிமையாளர், செல்லூர்)

பதில்: பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதுகளிலும் பேச்சு அலைவரிசைகளில் 60 டெசிபலாவது இழந்திருக்க வேண்டும். தறிக்காரருக்கு 4000இல் கிணறு இருக்கும், 500இலும் 1000இலும் தரை சமமாக இருக்கும்; கணக்குப் போட்டால் 60 வராது. சந்தைக்குப் போய் விலை கேட்க முடியாதவரைச் சட்டம் "கேட்கிறவர்" என்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இருந்தாலும் பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு தடவை அளந்து பார்த்துவிடுங்கள். வயதும் சேரும்போது சிலர் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். நீங்கள் உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கொட்டகையில் எத்தனை பேருக்குப் பிளக் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

*

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருஷம் தறி. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் போட்டுவிட்டு, "சத்தமா இருக்கு" என்று பீரோவில் வைத்துவிட்டார். என்ன செய்வது?
(மகள், ஆரப்பாளையம்)

பதில்: என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். நான் மருத்துவம் முடித்து, முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மிஷின். சட்டைப் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர்; அந்தக் காலத்து மாடல். போட்டதும் மேலே நிமிர்ந்து, "இந்த ஃபேன் எப்பருந்து இப்படிக் கத்துது?" என்றார். பத்து வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தது. குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டார். அம்மாவின் கொலுசைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். மூன்றாம் நாள் மிஷின் பரணுக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்கில் அமைதியாகக் கிடந்த மூளைக்கு எல்லாச் சத்தமும் ஒரே நாளில் வந்தால் அது மிரளும். உங்கள் அப்பாவுக்கு முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும், வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசும்போது. இரண்டாவது வாரம் இரண்டு மணி நேரம். டி.வி., கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் இரண்டு மாதம் கழித்து. மிஷின் வாங்கிய இடத்துக்கு அழைத்துப் போய், உயர்ந்த சுருதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித் தரச் சொல்லுங்கள், ஒரேயடியாக வைத்திருப்பார்கள். தறிக்காரர் காதுக்குச் சன்னமான ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சட்டென்று வலிக்கும். நடுவில் இடம் குறைவு. அதனால் அளவு பார்க்க மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும்.

அவருடைய ரத்தக் கொழுப்பு, சர்க்கரை ரிப்போர்ட் இருந்தால் வரும்போது எடுத்து வாருங்கள். பீரோவிலிருந்து மிஷினை எடுத்ததும் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அவரோடு முதலில் பேசுகிறவர் பேத்தியாக இருந்தால், கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்.